பெரிய தாத்தாவின் பல் செட்டு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசக்கூடாத விஷயம் ஒன்று இருந்தது. அது பெரிய தாத்தாவின் பல்.

அம்மாவின் பெரியப்பாவைத்தான் நான் பெரிய தாத்தா என்று கூப்பிடுவேன். அவர் கிளாரிநெட் ஊதுகிறவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் பெட்டி நிறைய வாத்தியங்களைக் கொண்டுவந்து இறக்கினாராம். பளபளவென்று மின்னிய பித்தளை வாத்தியங்களை மற்றப் பையன்கள் பாய்ந்து எடுத்துக்கொள்ள, யாரும் சீண்டாமல் கிடந்த கறுப்புக் குழல் இவர் பங்குக்கு வந்தது. பித்தளைகளை எடுத்தவர்கள் கொஞ்ச நாளில் ஏர் பிடிக்கவும் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் போய்விட்டார்கள். கறுப்புக் குழல் மட்டும் எடுத்தவரை விடவில்லை.

இண்டூரைச் சுற்றிலும் திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் பெரிய தாத்தா ஊதாமல் நடந்ததில்லை என்பார்கள். ஒரு தடவை பொம்மிடி ஸ்டேஷனில் பிஷப்பை வரவேற்க இவர் ஊதிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கொண்டு நின்ற கார்டு பச்சைக்கொடியைக் காட்ட மறந்துபோய் ரயில் தாமதமாகக் கிளம்பியது என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் கதை. அந்தத் தாமதத்துக்கு ரயில்வேக்காரர்கள் வேறு காரணம் எழுதியிருக்கலாம்.

அவருடைய பெருமையெல்லாம் உச்சியில்தான் இருந்தது. மாதா தேர் தெருமுக்குக்கு வரும்போது குழலை வானத்துக்குத் தூக்கி ஒரு சுரத்தைப் பிடிப்பார். தேரைச் சுமப்பவர்கள் தோள் மாற்றி, வளைத்துத் திருப்பி, அடுத்த தெருவில் நேராக நிறுத்தும்வரை அந்தச் சுரம் இறங்காது. கீழே நிற்கிறவர்கள் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் விட்டால்தான் ஊரே மூச்சு விடும்.

அப்படிப்பட்டவருக்குப் பல் போக ஆரம்பித்தது. முதலில் கடைவாய்ப் பற்கள் போயின. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு முன்பற்கள் ஆடின. கிளாரிநெட்டின் வாய்ப்பகுதியை மேல்பல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் கட்டியிருக்கும் ரீடு என்கிற மெல்லிய நாணல் தகட்டைக் கீழுதடு தாங்க வேண்டும். பல் இல்லாத வாயில் அது நிற்காது. கடைசி முன்பல் விழுந்த அன்று பெரிய தாத்தா குழலைக் கழற்றித் துடைத்து, பெட்டியில் வைத்து மூடி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு திருவிழாக்களிலும் எங்கள் ஊர்த் தேர் வெறும் மேளத்தோடு போனது.

அம்மாவுக்கு இது தாங்கவில்லை. அம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா இறந்துபோனார். வளர்த்தது பெரியப்பாதான். ஆகவே அவள் பிடிவாதமாக நின்று, அவரைச் சேலத்துக்கு அனுப்பி, அங்கே கடை வைத்திருந்த ஒரு சீனாக்காரப் பல் டாக்டரிடம் பல் செட்டுக் கட்டிக்கொண்டு வர வைத்தாள். பெரிய தாத்தா திரும்பி வந்த அன்று நான் அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. இரண்டு வருஷமாகக் குழி விழுந்திருந்த கன்னம் நிமிர்ந்து, வேறு யாருடைய சிரிப்பையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டவர்போல நின்றார்.

பல் வந்துவிட்டது, இனிமேல் பாட்டும் வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

வயலில் மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஊதிப் பார்ப்பார். நான் வெளியே வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து கேட்பேன். ஊதும்போது மேல் செட்டு அண்ணத்தை விட்டுக் கழன்று கீழே வரும். ரீடு அதிர்கிற அதிர்வில் இரண்டு வரிசைப் பல்லும் தந்தியடிப்பதுபோலக் கடகடக்கும். சந்தைக்குத் தேன் கொண்டுவரும் வத்தல்மலைக்காரரிடம் தேன்மெழுகு வாங்கி அண்ணத்தில் ஒட்டவைத்தும் பார்த்தார். மெழுகு சூட்டில் இளகி, பாதிப் பாட்டில் வாய் முழுக்கத் தேன் வாசனையோடு பல் நழுவியது. இடையிடையே பன்றிக்குட்டியைக் காலால் மிதித்ததுபோல ஒரு கீச்சல் எழும்பும். ஒரு நாள் அதைக் கேட்டுப் பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த மாடுகள் ஏரோடு கரும்புக்குள் புகுந்துவிட்டன. மாட்டுக்காரர் நல்லவர். வீட்டுக்கு வந்து, "மாமா பழகறாருங்க போல. பழகட்டும், பழகட்டும். நான் மதியானத்துக்கு மேல உழுதுக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டுக்காரர் சொல்லாததை ஊர் சொன்னது. திருவிழா நெருங்கியபோது கமிட்டி எங்கள் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுக் கூடியது. அப்பா கமிட்டியில் ஒருவர். இந்த வருஷமும் மேளத்தோடு மட்டும் தேர் போனால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. சேலத்திலிருந்து ஒரு பேண்டு செட்டைக் கூப்பிடலாம். சிவப்புச் சட்டை, மஞ்சள் பட்டன், கிளாரிநெட் ஊத ஒரு வாலிபன், சினிமாப் பாட்டுக்கூட ஊதுவான் என்றார்கள்.

யாரோ பெரிய தாத்தாவின் பெயரைச் சொன்னதும் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேரு பெரிய பேருதான். யாரு இல்லங்கறாங்க? ஆனா ஊதறது பேரு இல்லீங்களே, வாயிங்க."

"எழுவது வயசுக்கு மேல பழைய வாசிப்பு யாருக்குங்க வரும்?" என்றார் இன்னொருவர். "கேட்ட நம்ம காதுல அது அப்படியே இருக்குது. அது போதுங்க. அவர மறுபடியும் ஊதச்சொல்லி, அதையும் கெடுத்துக்க வேணாம்."

அது அவரைக் குறைத்துப் பேசிய பேச்சாக எனக்கு அப்போது தோன்றியது. உண்மையில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரிய தாத்தா மேல் அதிகப் பிரியம் வைத்திருந்தவர் அப்படிச் சொன்னவர்தான்.

அப்பா தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சேலத்து செட்டைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. மரியாதைக்காகத் தேர் கிளம்பும்போது ஒரே ஒரு பாட்டு பெரிய தாத்தா ஊதட்டும், அதற்குப் பிறகு சேலத்துக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்குத்தான் அப்பா அத்தனை குச்சியை ஒடித்திருக்கிறார்.

அம்மாவுக்கு அது போதவில்லை.

"ஒத்தப் பாட்டா? இந்த ஊருக்கு அவரு ஊதுனதுக்கு ஒத்தப் பாட்டா?"

"நானா புள்ள வேணாங்கறேன்? கமிட்டி சொல்லுது."

"கமிட்டியில நீங்க இல்லீங்களா? வேற யாராச்சும் வந்து நம்ம வூட்டுக் கட்டில்ல குந்தியிருந்தாங்களா?"

அதோடு அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடக் கூப்பிடுவதாக இருந்தாலும் நான்தான் தூது. அப்பா எதிரே உட்கார்ந்திருப்பார். "உங்கப்பாவ சோறு திங்கச் சொல்லு" என்பாள். நான் திரும்பி, "சோறு திங்கச் சொல்றாங்க" என்பேன். "குழம்பு என்னான்னு கேளு" என்பார் அப்பா. இந்த உத்தியோகம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. பெரியப்பாவை ஊதவிடவில்லையென்று பகலெல்லாம் பொருமிய அம்மா, மாலை ஜெபத்தின் முடிவில் மாதா படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, அவரு அன்னிக்கு ஊதாம இருக்கணும். ஏதாச்சும் ஒரு காரணம் குடு. ஊரு முன்னால தலகுனிய வெச்சிராத" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. மாதாவுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

திருவிழா நாளும் வந்தது. சேலத்து செட்டு மத்தியானத்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. சூரியன் சாய ஆரம்பித்தபோது சைக்கிளில் வந்த ஒருவர், தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்று செய்தி சொன்னார். கமிட்டிக்காரர்கள் ரோட்டைப் பார்ப்பதும் சாமியார் பங்களாவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

எனக்குத் திருவிழாவுக்கென்று புதுக் கவுன் தைத்திருந்தது. அதில் பை வைத்திருந்தார்கள். தேருக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு போகும் பெண்பிள்ளைகள் வரிசையில் நானும் உண்டு. சிஸ்டர் வந்து வரிசை பிடிக்கும்வரை சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கோயிலின் பின்புறம் மணிக்கூண்டு நிழலில் பெரிய தாத்தா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பழைய பேண்டுக் கோட்டுப் போட்டிருந்தார். மடியில் குழல். கன்னத்தை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஈறெல்லாம் எரியுது கண்ணு. புண்ணாயிருச்சாட்டம் இருக்குது" என்றவர், திரும்பிக்கொண்டு இரண்டு செட்டையும் வாயிலிருந்து எடுத்தார். கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போடப் போனார். கை அடிப்பக்கமாக வெளியே வந்தது. பையைச் செல்லரித்திருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"அவனுங்க வந்து சேரதுக்கு இன்னும் நேரங்கெடக்குது. அதுவரைக்கும் இத நீ வெச்சிரு. நான் கேக்கறப்ப குடு. யாருகிட்டயும் காட்டாத. உங்கம்மாகிட்டகூட மூச்சு வுடக்கூடாது."

பல் இல்லாமல் பேசியதில் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. இருந்தாலும் நான் முழுவதையும் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் தூது போகிற எனக்கு அதுவரை யாரும் ஒரு ரகசியத்தை ஒப்படைத்ததில்லை. பொட்டலத்தைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டேன். துணி வழியாகப் பற்கள் தொடையில் அழுத்தின. கடித்துவிடுமோ என்று ஒரு நிமிஷம் பயம் வந்தது, போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை வருவதற்குள் தேரைச் சுற்றிக் கொண்டுவந்துவிட வேண்டும், இனிக் காத்திருக்க முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். கோயில் மணி அடித்தது. சிஸ்டர் என் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்திக் கையில் பூக்கூடையைத் திணித்தார்கள். சிஸ்டர் நிறுத்திய இடத்திலிருந்து நகர்கிற பிள்ளை அந்த ஊரில் பிறந்ததில்லை. சிலுவை முன்னால், எங்கள் வரிசை, மெழுகுவத்தியோடு பெண்கள் இரு ஓரமும், நடுவில் மேளம், அதற்குப் பின்னால் சாமியார், தேர். பெரிய டிரம்மு அடிக்கிறவர் பெரிய தாத்தாவை மணிக்கூண்டிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தியதை நான் திரும்பிப் பார்த்தேன். தேரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். டிரம்மில் அடி விழுந்துவிட்டது. பெரிய தாத்தாவின் முகம் எப்படியிருந்தது என்று இப்போதுதான் என்னால் சொல்ல முடிகிறது. கிணற்று மேட்டில் கால் வழுக்கியவருடைய முகம் அது.

குழலை வாயில் வைத்தார். உஸ் என்று காற்று வந்தது. மறுபடி வைத்தார். இந்தத் தடவை மோட்டார் ரூம் கீச்சல் வந்தது. ஓரத்தில் நின்ற இளவட்டங்களில் ஒருவன், "தாத்தாவுக்குப் பல்ல காணமுடா" என்றான். சிரிப்பு பரவியது. பெண்கள் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். அவர் கன்னத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மெழுகுவத்தியைப் பிடித்திருந்த கை இறங்கி, உருகிய மெழுகு புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா தேர்க்கொம்பை ஒரு கையால் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய தாத்தா குழலைக் கீழே இறக்கினார். கூட்டத்துக்குள் கண்ணால் தேடினார். பூப்பிள்ளைகள் வரிசையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பார்த்தபடியே கையை வாய்க்குக் கொண்டுபோய், வாயைத் திறந்து, விரலால் இரண்டு மூன்று தடவை தொட்டுக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை கஷ்டத்திலும் பெரிய தாத்தாவுக்கு ரகசியம்தான் கவலை. யாரிடமும் சொல்லிவிடாதே என்கிறார். நான் உதட்டின் மேல் விரலை வைத்து, சொல்லவே மாட்டேன் என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் மறுபடியும் வாயைத் தொட்டுக் காட்டினார். நான் மறுபடியும் தலையாட்டினேன். போதாக்குறைக்குக் கவுன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பத்திரமாக இருக்கிறது என்று காட்டினேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. டிரம்முக்காரர் பக்கம் திரும்பி, "நீ செத்த நேரம் அடிக்காம இரு" என்று சொன்னார். குழலை எடுத்தார். இந்தத் தடவை இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, பால் குடிக்கிற பிள்ளை வாய் வைப்பதுபோலக் குழலை வாய்க்குள் வாங்கிக்கொண்டார். முன்பெல்லாம் வானத்தைப் பார்க்கும் குழல் நெஞ்சோடு ஒட்டித் தரையைப் பார்த்தது.

சத்தம் வந்தது. அது கிளாரிநெட் சத்தமா என்றே முதலில் தெரியவில்லை. பசுமாடு கன்றை நக்கும்போது வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே ஒரு குரல் கொடுக்குமே, அந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தேர்ப்பாட்டுத்தான். ஆனால் அவர் எப்போதும் ஊதுகிற உயரத்துக்குப் போகாமல், குழலின் அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சுரமாக எடுத்து வைத்தார். அவசரமே இல்லை. அடுத்த சுரம் எங்கே கிடைக்கும் என்று அவருக்கே தெரியாதவர்போலத் தடவித் தடவிப் போனார். ஒவ்வொன்றும் அகப்பட்டது.

சிரித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. தேர் நகர ஆரம்பித்தது. மெல்லிய சத்தமாக இருந்ததால் கேட்க வேண்டுமென்றால் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் பாதியில் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். வழக்கமாகத் தேரின் மேல் உப்பையும் மிளகையும் அள்ளி வீசுகிற பெண்கள், வீசாமல் கையில் மூடி வைத்துக்கொண்டே நடந்தார்கள். தேர் சுமப்பவர்களின் காலடி ஒரே சீராக விழுவதுகூடக் கேட்டது. டிரம்முக்காரர் குச்சியைத் தோல்பட்டையில் செருகிவிட்டு, கொஞ்ச தூரம் போனபிறகு உள்ளங்கையால், தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி, தாளம் போட ஆரம்பித்தார்.

தெருமுக்கு வந்தது. ஊர் முழுக்கப் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த உச்சிச் சுரம் இப்போது எப்படி வரும்? அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய தாத்தா மேலே போகவில்லை. இருந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு படி கீழே இறங்கி அங்கே நின்றார். பிடித்து நிற்கவும் இல்லை. மூச்சு முடிந்த இடத்தில் விட்டார், எடுத்தார், மறுபடியும் அதே சுரத்துக்கு வந்தார். இரண்டு தடவைக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அதுவும் பாட்டுக்குள் இருப்பதுபோலத்தான் இருந்தது. தேர் வளைந்து திரும்பியது. அம்மா கண்ணைத் திறந்து பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது சேலத்து செட்டு ஏறிவந்த லாரி வந்து நின்றது. சிவப்புச் சட்டைக்காரர்கள் தபதபவென்று குதித்து, வாத்தியங்களை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். தாமதத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்கிற பரபரப்பு. அப்பா தேர்க்கொம்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அவர்களிடம் போனார். கமிட்டி பேசியபடி இனி அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கிளாரிநெட் வைத்திருந்த வாலிபன் குழலை வாய்வரை கொண்டுபோனவன், அப்படியே நின்று கேட்டான்.

"என்னப்பா?" என்றார் அப்பா.

"அவரு முடிக்கட்டுங்க" என்றான் அவன்.

"அவரு முடிக்கறப்ப தேரே நெலைக்கு வந்துருமேப்பா."

"வரட்டுங்க."

கடைசிவரைக்கும் சேலத்து செட்டு வாத்தியங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜெபமாலைக் கூட்டம்போலத் தேருக்குப் பின்னால் நடந்து வந்தது. அத்தனை தூரம் கூப்பிட்டுவிட்டு ஊதவிடாமல் நடக்க வைத்துவிட்டோமே என்று கமிட்டியில் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

தேர் நிலைக்கு வந்து மாதாவை இறக்கியபோதுதான் முதல் தூறல் விழுந்தது. பெரிய தாத்தா குழலை இறக்கிவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தார். உதட்டைப் பின்னங்கையால் ஒற்றிக்கொண்டார். கையில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. சுற்றிலும் ஆட்கள். எழுபது வயதுக்கு மேல் யாருக்குப் பழைய வாசிப்பு வரும் என்று கேட்டவர் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பழசு வரலீங்க மாமா. வரவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்றாள். மழை வலுத்துவிட்டது. அப்பாவிடம் குடை இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். தூதுக்கு நான் தயாராக நின்றேன். அவள் என்னைத் தாண்டிப்போய், "அந்தக் குடைய இப்பிடிக் குடுங்க. பெரியப்பா நனையறாரு" என்றாள். அப்பா குடையைக் கொடுக்காமல் தானே கொண்டுபோய்ப் பெரிய தாத்தாவின் தலைக்குமேல் பிடித்தார். அம்மாவும் அதற்குள் போய் நின்றுகொண்டாள். என் உத்தியோகம் அன்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இலை போட்டு ஆட்டுக்கறி பரிமாறினார்கள். பெரிய தாத்தா இலைமுன் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பெரிய காரியத்தை முடித்த ஆளைப்போல அவர் கையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். பற்களுக்கு நடுவில் இரண்டு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. கழுவி மாட்டிக்கொண்டு கறியைக் கடித்தார்.

"அட, இவகிட்டயா இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"ஆமாம்மே" என்றார் பெரிய தாத்தா, மென்றுகொண்டே. "இவதான் இன்னிக்கு என்னை ஊத வெச்சவ. இன்னொரு துண்டு போடு புள்ளைக்கு."

எனக்கு ஈரல் துண்டு கிடைத்தது.

அதற்குப் பிறகும் பல திருவிழாக்களுக்கு அவர் ஊதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், கடைசியாகப் படுத்த வருஷம்வரைக்கும் ஊதினார். பல் செட்டு சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும். குழலை எடுக்கும்போது கழற்றி வைத்துவிடுவார். அவருடைய பழைய உச்சியைக் கேட்டவர்களும் பிற்கால ஊதலைக் கேட்டவர்களும் எது பெரிது என்று டீக்கடையில் கட்சி கட்டிப் பேசிக்கொள்வார்கள். பிற்காலத்துக்காரர்கள் கட்சிதான் பெரியது. அதில் அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு.

நானோ, ஊருக்கே தெரியாத ரகசியத்தை ஒரு தேர் சுற்றி முடியும்வரை காப்பாற்றினவள் என்கிற பெருமையோடு வளர்ந்தேன். பல் இல்லாமல் ஊதுவதென்று பெரிய தாத்தா முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார், அது தெரிந்த ஒரே ஆள் நான் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்யாணமாகிப் போன வீட்டில் சொன்னேன். பெரிய தாத்தா இருக்கும்போதே அவர் முன்னாலும் பல தடவை சொன்னேன். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

என் மகளுக்கு ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் காட்டிய சைகையை அப்படியே செய்து காட்டினேன். வாயைத் திறந்து, விரலால் இரண்டு மூன்று தடவை தொட்டு.

"பேசாதன்னு சொல்றவரு எதுக்கும்மா வாயத் தொறந்து காட்டுனாரு?" என்று கேட்டாள் மகள்.

 திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் ஒரு மனிதர் தன் பல்லைக் கேட்டிருக்கிறார். ஒரு தடவை கேட்டு, நான் மறுத்து, மறுபடியும் கேட்டிருக்கிறார். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வாயில் கையை வைத்தால் பேசாதே என்று அர்த்தம். பசிக்கிறவரும் வாயைத்தான் காட்டுவார், பல் வேண்டியவரும் வாயைத்தான் காட்டுவார் என்பது தெரியாது.